3.1 கிலோமீட்டர் என்ன கணக்கு?
உயர்காற்று வரைபடங்களை வகுப்பறையில் வாசித்தல்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வானிலைச் செய்தியை நம்மைவிட மாணவர்களே கூர்ந்து கேட்கிறார்கள். விடுமுறை அறிவிப்பு வருமா என்பது அவர்கள் அக்கறை. அது இருந்துவிட்டுப் போகட்டும். அந்தச் செய்தியில் அடிக்கடி வரும் ஒரு தொடர், ‘தென்மேற்கு வங்கக் கடலில் வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி நிலவுகிறது’ என்பது. வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையை முழுவதுமாகப் படித்தால், அந்தச் சுழற்சி கடல்மட்டத்திலிருந்து 3.1 கிலோமீட்டர் உயரம் வரை, அல்லது 5.8 கிலோமீட்டர் வரை பரவியிருப்பதாகவும் குறிப்பு இருக்கும். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கவனித்துவிட்டுக் கேட்டாள்: “சார், அதென்ன 3.1? மூணுன்னு சொன்னா ஆகாதா?”

ஆகாது. 1.5, 3.1, 5.8, 7.6, 9.6 என்று அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் இந்த எண்களுக்குப் பின்னால் வேறு எண்கள் இருக்கின்றன: 850, 700, 500, 400, 300. இவை ஹெக்டோபாஸ்கல் என்ற அலகில் சொல்லப்படும் காற்றழுத்த அளவுகள். மில்லிபாரும் ஹெக்டோபாஸ்கலும் ஒரே அளவுதான், பெயர்தான் வேறு. நம் பகுதியில் 700 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் சராசரியாக 3.1 கிலோமீட்டர் உயரத்திலும், 500 ஹெக்டோபாஸ்கல் 5.8 கிலோமீட்டரிலும் கிடைக்கிறது. வானிலையாளர்கள் ஓர் உயரத்தை வைத்துக்கொண்டு அங்கே அழுத்தம் எவ்வளவு என்று தேடுவதில்லை. அழுத்தத்தை வைத்துக்கொண்டு, அது இன்று எந்த உயரத்தில் இருக்கிறது என்று தேடுகிறார்கள். இந்தத் தலைகீழ் ஏற்பாடு பிடிபட்டுவிட்டால் உயர்காற்று வரைபடத்தில் பாதி பிடிபட்ட மாதிரி.

ஒன்பதாம் வகுப்பில் வளிமண்டலம் பாடமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இந்தியாவின் காலநிலையோடு ஜெட் காற்றோட்டமும் வருகிறது. தரைமட்டத்துச் சம அழுத்தக் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஜெட் காற்றோட்டத்தை விளக்குவது, மாடிவீட்டின் தரைத்தள வரைபடத்தைக் காட்டி மொட்டை மாடியை விளக்குவதற்குச் சமம். மேலே இருக்கும் தளங்களைத் தனித்தனியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

தொடங்குமுன் சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘மேல்காற்று’ என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் கடற்கரையில் மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். அவர்கள் புரிந்துகொள்வதில் தவறும் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை முழுவதும் ‘உயர்காற்று’ என்றே எழுதுகிறேன்.

பஞ்சு மெத்தையும் ஏற்காடும்

தொடக்க வகுப்புகளுக்கு அழுத்தத்தை உணர்த்த இரண்டு பொருள்கள் போதும். ஒன்று சிப்ஸ் பாக்கெட். மலையேறும் பேருந்தில் அது உப்பிக்கொண்டே வருவதைப் பல குழந்தைகள் பார்த்திருப்பார்கள். உள்ளே அடைத்த காற்று கூடவில்லை. வெளியே அழுத்தும் காற்று குறைந்துவிட்டது. இன்னொன்று இலவம்பஞ்சு மெத்தை. ஐந்தாறு மெத்தைகளை அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கித் தடிமன் குறையும், மேலே இருப்பது உப்பலாக இருக்கும். ஒவ்வொரு மெத்தையிலும் பஞ்சு ஒரே எடைதான்.

காற்றும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. கடல்மட்டத்தில் அழுத்தம் ஏறத்தாழ 1,000 ஹெக்டோபாஸ்கல். அது 500 ஆகக் குறைவது 5.8 கிலோமீட்டரில். அதாவது, நூறு கிலோமீட்டர் உயரம் வரை வளிமண்டலம் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், காற்றின் எடையில் பாதி ஆறு கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கீழே 850இலிருந்து 700க்குப் போக 1.6 கிலோமீட்டர் ஏறினால் போதும். உயரே 200இலிருந்து 100க்குப் போக நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மேல் மெத்தைகள் உப்பலானவை.

இந்த எண்களை நம் மலைகளோடு பொருத்திக் காட்டினால் மாணவர்கள் மறப்பதில்லை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நிற்பவர் ஏறக்குறைய 850 ஹெக்டோபாஸ்கல் பரப்பின்மேல் நிற்கிறார். தொட்டபெட்டா 2,637 மீட்டர். 700 பரப்பு அதற்கும் மேலே இன்னும் அரைக் கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. தமிழ்நாட்டின் எந்த மலையும் அதைத் தொடாது. 8,849 மீட்டர் உயர எவரெஸ்ட் 400 பரப்பைத் துளைத்துக்கொண்டு போகும், ஆனால் 300 பரப்பை எட்டாது. வெளிநாடு செல்லும் விமானங்கள் பெரும்பாலும் பறப்பது 250, 200 பரப்புகளை ஒட்டித்தான்.

அழுத்தப் பரப்பிலும் மேடு பள்ளம் உண்டு

இன்று காலை எங்கெங்கு 700 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் இருக்கிறதோ அந்தப் புள்ளிகளையெல்லாம் சேர்த்து ஒரு போர்வையை விரித்ததாக வைத்துக்கொள்வோம். போர்வை மட்டமாக இருக்காது. சில இடங்களில் மேடிட்டிருக்கும், சில இடங்களில் குழிந்திருக்கும். நிலவரைபடத் தாளில் மலையையும் பள்ளத்தாக்கையும் சம உயரக் கோடுகளால் காட்டுகிறோம் அல்லவா? அதே வேலையைத்தான் இங்கேயும் செய்கிறோம். உயர்காற்று வரைபடத்தில் வளைந்து வளைந்து போகும் கோடுகள் சம அழுத்தக் கோடுகள் அல்ல, சம உயரக் கோடுகள். அழுத்தம்தான் தாள் முழுவதும் ஒன்றே ஆயிற்றே. 500 ஹெக்டோபாஸ்கல் வரைபடத்தில் ஒரு கோட்டின்மேல் 588 என்று எழுதியிருந்தால், அந்தக் கோடு நெடுகிலும் போர்வை 5,880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பொருள். கடைசிச் சுழியத்தை விட்டு எழுதுவது வழக்கம்.

மேடான இடம் உயர் அழுத்தம், பள்ளமான இடம் தாழ்வழுத்தம். இது ஏன் என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். போர்வை மேடிட்டிருக்கும் இடத்தில் 3,100 மீட்டர் உயரத்தில் நின்றால், நாம் போர்வைக்குக் கீழே நிற்கிறோம். கீழே அழுத்தம் அதிகம்தானே? நீளமாக நீண்டிருக்கும் மேட்டை முகடு என்றும், பள்ளத்தை அகடு என்றும் சொல்லலாம். அறிவியல் பாடத்தில் அலைக்குப் பயன்படும் சொற்கள்தான்.

மேடும் பள்ளமும் ஏன் வருகின்றன? பெரும்பாலும் வெப்பத்தால். சூடான காற்று விரியும். அதே எடைக் காற்று அதிக உயரத்தை அடைத்துக்கொள்ளும். 1,000க்கும் 500க்கும் இடைப்பட்ட காற்றடுக்கின் தடிமனை மீட்டரில் அறிய, அந்த அடுக்கின் சராசரி வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்து 20.3ஆல் பெருக்கினால் போதும். 0 டிகிரி செல்சியஸ் என்றால் 273 கெல்வின். தடிமன் ஏறத்தாழ 5,540 மீட்டர். 12 டிகிரி என்றால் 285 கெல்வின். ஏறத்தாழ 5,785 மீட்டர். ஒரு டிகிரி கூடினால் இருபது மீட்டர் கூடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் மடக்கை படித்த மாணவர்களுக்கு 20.3 எப்படி வந்தது என்றும் காட்டலாம்: வளிம மாறிலி 287ஐப் புவியீர்ப்பு முடுக்கம் 9.8ஆல் வகுத்து, இரண்டின் இயல் மடக்கையான 0.693ஆல் பெருக்க வேண்டும். இயற்பியல், கணக்கு, புவியியல் ஆகிய மூன்றும் ஒரே வரியில் சந்திக்கும் இடங்கள் நம் பாடத்திட்டத்தில் அதிகம் இல்லை. அதனால் இதை விட மனம் வருவதில்லை.

சனவரியில் 500 பரப்பு சென்னைக்கு மேலே இருப்பதைவிடச் சீநகருக்கு மேலே ஏறத்தாழ 200 மீட்டர் தாழ்ந்திருக்கும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் இருநூறு மீட்டர் சரிவு! கண்ணுக்கு மட்டம் போலவே தெரியும் இந்தச் சரிவுதான் வட இந்தியாவின் மேலே குளிர்காலத்தில் வேகமான மேற்குக் காற்றை ஓட்டுகிறது.

உயரத்தை மாறாமல் வைத்து வரைபடம் போடாமல் ஏன் இந்தச் சுற்றுவழி என்று கேட்டால், முதற்காரணம் இதுதான்: உயரே போகப் போகக் காற்று மெலிவதால், அழுத்த வேறுபாடு ஒன்றாகவே இருந்தாலும் காற்றின் வேகம் தளத்துக்குத் தளம் மாறும். மாறா அழுத்த வரைபடத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரே அட்சரேகையில், இவ்வளவு சரிவுக்கு இவ்வளவு வேகம் என்ற கணக்கு 850க்கும் பொருந்தும், 200க்கும் பொருந்தும். விமானங்களும் அழுத்தத்தை அளந்தே தம் உயரத்தை அறிவதால், அவர்களுக்கும் இதுவே வசதி.

அம்பும் இறகும்

தரவு பலூனில் வருகிறது. நாள்தோறும் காலை 5.30, மாலை 5.30 மணி நிலவரத்துக்காக உலகெங்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பலூன்கள் விடப்படுகின்றன. நமக்கு அருகில் சென்னை மீனம்பாக்கம், காரைக்கால், திருவனந்தபுரம், மினிக்காய் ஆகிய இடங்களில் இந்த நிலையங்கள் உள்ளன. வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் வேகத்தில் பலூன் ஏறும். 500 பரப்பைத் தொட எவ்வளவு நேரமாகும் என்று ஏழாம் வகுப்பில் கேட்கலாம். இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக விடை வரும். பலூனில் தொங்கும் சிறு கருவி அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றை வானொலி அலையில் அனுப்புகிறது. பலூன் நகர்ந்த திசையிலிருந்தும் தொலைவிலிருந்தும் காற்றைக் கணக்கிடுகிறார்கள்.

வரைபடத்தில் நிலையத்தைச் சுற்றி எண்கள் இருக்கும். இடப்பக்கம் மேலே இருப்பது வெப்பநிலை. அதன் கீழே இருப்பது, காற்று இன்னும் எத்தனை டிகிரி குளிர்ந்தால் நீர்த்துளி உண்டாகும் என்ற எண். அது சிறியதாக இருந்தால் காற்று ஈரமாக இருக்கிறது. இரண்டு, மூன்று என்றால் மேகம் இருக்கக்கூடும். வலப்பக்கம் மேலே உயரம், ஆனால் சுருக்கி எழுதப்பட்டது. 850 வரைபடத்தில் 460 என்றால் 1,460 மீட்டர். 700 வரைபடத்தில் 120 என்றால் 3,120. 500 வரைபடத்தில் 585 என்றால் 5,850. 200 வரைபடத்தில் 242 என்றால் 12,420. மாணவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இதுதான். பரப்புகளின் சராசரி உயரம் மனதில் இருந்தால் விடுபட்ட எண்ணை அவர்களே நிரப்பிவிடுவார்கள்.

காற்றைக் குறிப்பது நிலையத்திலிருந்து நீளும் ஒரு தண்டு. அதை ஓர் அம்பு என்று சொல்லுங்கள். அம்பின் முனை நிலையத்தில் இருக்கிறது, இறகு வால்பக்கம் இருக்கிறது. இறகு இருக்கும் திசையிலிருந்துதான் காற்று வருகிறது. நீளமான இறகு 10 நாட், பாதி இறகு 5 நாட், முக்கோணக் கொடி 50 நாட். ஒரு கொடியும் இரண்டு இறகும் ஒரு பாதி இறகும் என்றால் 75 நாட். மணிக்கு ஏறத்தாழ 139 கிலோமீட்டர்.

‘வரும் திசை’ என்பதில்தான் பல பாடநூல் படங்களும் மாணவரைக் குழப்புகின்றன. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் வருவதில்லை. வாடை வடக்கிலிருந்து வரும், கொண்டல் கிழக்கிலிருந்து வரும், கச்சான் மேற்கிலிருந்து வரும், சோழகம் தெற்கிலிருந்து வரும். காற்றுக்கு அது புறப்பட்ட இடத்தை வைத்தே பெயர். கடற்கரைக்கு வெளியே உள்ள பள்ளிகளிலும் இந்த நான்கு பெயர்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அம்புக்குறிக்குப் போனால் வேலை எளிது.

நம் ஊருக்குக் கோடு போதாது

உயர்காற்று வரைபடம் பற்றி வெளிநாட்டு நூல்களைப் படித்துவிட்டு நம் வரைபடத்தைப் பார்க்கும் ஆசிரியருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஐரோப்பா, அமெரிக்கா மேலெல்லாம் கோடுகள் நெருக்கமாக அலையலையாக ஓடும். தமிழ்நாட்டின் மேல் ஒரு கோடுகூட இல்லாத நாட்களே அதிகம். நம்மிடம் வானிலை இல்லை என்று அதற்குப் பொருளல்ல.

காரணம் கொரியாலிஸ் விசை. நடு அட்சரேகைகளில் காற்று சரிவில் நேராக இறங்காமல், கொரியாலிஸ் விசையால் வலப்பக்கம் திரும்பிக் கோடுகளுக்கு இணையாக ஓடுகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடக்கைப் பக்கம் தாழ்வழுத்தம் என்ற பைஸ் பேலட் விதி அங்கே அழகாகப் பொருந்தும். ஆனால் இந்த விசை அட்சரேகையின் சைன் மதிப்பைப் பொறுத்தது. 45 டிகிரியில் அது 0.71, 10 டிகிரியில் 0.17. விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும்போது, அதே வேகக் காற்றைச் சமன்செய்ய நான்கில் ஒரு பங்கு சரிவே போதும். ஆகவே நம் பகுதியில் பலமான காற்று வீசும்போதும் போர்வை ஏறக்குறைய மட்டமாகவே இருக்கும். பத்து மீட்டர் வேறுபாட்டில் பெரிய செய்தி ஒளிந்திருக்கும். கருவியின் பிழையும் அதே அளவு இருக்கலாம்.

அதனால் வெப்பமண்டலத்தில் வானிலையாளர்கள் காற்றையே வாசிக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்தின் அம்பையும் தொட்டுச் செல்லும்படி, ஆற்று நீரோட்டம் போலக் கோடுகளை வரைகிறார்கள். இவற்றுக்கு ஓட்டக் கோடுகள் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். கோடுகள் இடஞ்சுழியாகச் சுற்றினால் அது தாழ்வழுத்தச் சுழற்சி. வலஞ்சுழியாகச் சுற்றினால் எதிர்ச் சுழற்சி. வானிலைச் செய்தியின் ‘கீழடுக்குச் சுழற்சி’ என்பது 850, 700 வரைபடங்களில் இப்படிக் காணப்படும் இடஞ்சுழிதான். தரைமட்டத்தில் தனியான தாழ்வுப் பகுதியாக அது இன்னும் உருவாகாமலும் இருக்கலாம். உயரத்தைக் காட்டும் கோடுகளை முதலில் கற்பிப்பது சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், நம் மாணவர் கையில் கொடுத்தது வேறு ஊருக்கான சாவி.

சூலை மாதத்து இரட்டைக் காற்று

தளத்துக்குத் தளம் கதை எப்படி மாறுகிறது என்பதற்குச் சூலை மாதச் சென்னையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அன்று விடப்படும் பலூன் முதலில் கடலை நோக்கி, கிழக்கே நகரும். ஆறேழு கிலோமீட்டரைத் தாண்டியதும் தயங்கித் திரும்பி, மேற்கே ஓடத் தொடங்கும். 850இல் பலமான மேற்குக் காற்று. 150, 100 பரப்புகளில் அதைவிடப் பலமான கிழக்குக் காற்று.

இரண்டு காற்றுகளின் கதையிலும் இந்திய ஆய்வாளர்களுக்குப் பெரிய இடம் உண்டு. உயரே ஓடும் வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்றோட்டத்தைப் பற்றிப் பி. கோட்டீசுவரம் 1958இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர் பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநரானார். தாழ்வான மேற்கு ஜெட் காற்றோட்டம் சூலையில் தென்னிந்தியத் தீபகற்பத்தின் மேல், ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் உயரத்தில் வீசுவதைப் பி.வி. ஜோசப், பி.எல். ராமன் இருவரும் 1966இல் எடுத்துக்காட்டினர். ஆப்பிரிக்கக் கரையோரம் தொடங்கி அரபிக் கடல் வரை நீளும் அதன் முழுப் பாதையை ஃபிண்ட்லேட்டர் 1969இல் விவரித்தார்.

ஏன் திசை மாறுகிறது? முன்பு சொன்ன இருபது மீட்டர் கணக்கை இங்கே கொண்டுவாருங்கள். கோடையில் வடக்கே நிலம் கொதிக்கிறது, திபெத் பீடபூமியும் சூடாகிறது. தரையருகே அங்கே தாழ்வழுத்தம். எனவே 850 போர்வை வடக்கே தாழ்ந்திருக்கிறது. ஆனால் அங்குள்ள காற்று நெடுக வெப்பமாக இருப்பதால் ஒவ்வோர் அடுக்கும் தடித்துக்கொண்டே போகிறது. உயரே 150 பரப்பை அடையும்போது, கீழே இருந்த பள்ளம் நிரம்பி அதன்மேல் மேடே எழும்பிவிடுகிறது. கீழே வடபக்கம் பள்ளம், மேலே வடபக்கம் மேடு. பைஸ் பேலட் விதியை இரண்டு தளங்களிலும் பொருத்திப் பார்த்தால், கீழே மேற்குக் காற்றும் மேலே கிழக்குக் காற்றும் தாமாகவே வரும்.

இதிலிருந்தே இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கிறது. சூலையில் வங்கக் கடல் நன்றாகச் சூடாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் பெரும்புயல்கள் மே மாதத்திலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வருகின்றன? புயல் என்பது நெட்டுக்குத்தாக நிற்கும் கோபுரம். அடியை ஒரு காற்று கிழக்கே தள்ளி, உச்சியை மற்றொரு காற்று மேற்கே இழுத்தால் கோபுரம் எழும்பாது. 850க்கும் 200க்கும் இடையே காற்று எவ்வளவு மாறுகிறது என்பதை வானிலையாளர்கள் முதலில் பார்ப்பது இதனால்தான்.

ஒக்கி போன வழி

2017 நவம்பர் 29 காலை இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருந்தது. மறுநாள் காலை அது கன்னியாகுமரிக் கடற்பகுதியில் புயலாகிவிட்டது. இடையில் ஒரே நாள். கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தென்கரை மீனவர்கள் அதற்கு முன்பே வெகுதூரம் போயிருந்தார்கள். தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. எங்கள் மாணவர்களுக்கு ஒக்கி பாடநூல் பெயர் அல்ல. ஆகவே இதை வகுப்பில் எடுக்கும்போது குரலைத் தாழ்த்தியே எடுக்கிறேன். ஆனால் எடுக்காமல் விடுவதில்லை.

புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்து, இலட்சத்தீவு நோக்கி மேற்கு வடமேற்காக நகர்ந்தது. அங்கே மிகத் தீவிரப் புயலாயிற்று. பிறகு வளைந்து வடக்கு, வடகிழக்காகத் திரும்பித் தெற்குக் குசராத்தை நோக்கிப் போனது; டிசம்பர் 5, 6 வாக்கில் கரையை நெருங்குமுன்பே வலுவிழந்துவிட்டது. தரைமட்ட வரைபடத்தில் இந்த வளைவுக்கு விளக்கம் கிடைக்காது. 500 வரைபடத்தில் கிடைக்கும். புயலை நகர்த்துவது பெரும்பாலும் 700, 500 பரப்புகளில் அதைச் சூழ்ந்து ஓடும் காற்று. தொடக்கத்தில் வடக்கே இருந்த உயர் அழுத்த முகட்டின் தென்விளிம்பில் வீசிய கிழக்குக் காற்று புயலை மேற்கே கொண்டுபோனது. பின்னர் மேற்குக் காற்றுப் பகுதியிலிருந்து ஓர் அகடு நெருங்கி வந்தது. அகட்டின் முன்பக்கம் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். புயலும் அந்தத் திசையில் திரும்பியது. அதே மேற்குக் காற்று 200 பரப்பில் மிகப் பலமாக இருந்ததால் கோபுரத்தின் உச்சி அடியைவிட்டு விலகிப்போனது. குளிர்ந்த கடலும் வறண்ட காற்றும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

850 சுழற்சியின் பலத்தைக் காட்டுகிறது, 500 வழியைக் காட்டுகிறது, 200 ஆயுளைக் காட்டுகிறது. இது தோராயமான பங்கீடுதான். வானிலையாளர் யாரும் இவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டார். பள்ளிக்கு இது போதும்.

வகுப்பில் செய்து பார்க்க

மூன்று டிரேசிங் தாள்களில் ஒரே அளவில் தென்னிந்தியா, இலங்கை, வங்கக் கடல், அந்தமான் ஆகியவற்றின் எல்லைக்கோட்டு வரைபடத்தை நகலெடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள காற்று விவரம் பயிற்சிக்காக நான் உருவாக்கியது. உண்மை நாள் எதையும் சேர்ந்ததல்ல.

850 தாள்: சென்னையில் வடகிழக்குக் காற்று 25 நாட். காரைக்காலில் வடக்கு 25. விசாகப்பட்டினத்தில் கிழக்கு 20. போர்ட் பிளேரில் தெற்கு 15. கொழும்பில் வடமேற்கு 15.

500 தாள்: சென்னை, காரைக்கால் இரண்டிலும் தென்கிழக்கு 15 நாட்.

200 தாள்: விசாகப்பட்டினத்தில் மேற்கு 30 நாட், காரைக்காலில் தெற்கு 15, கொழும்பில் கிழக்கு 20.

மாணவர்கள் முதலில் அம்புகளை வரையட்டும், பிறகு ஓட்டக் கோடுகளை. 850 தாளில் காரைக்காலுக்குக் கிழக்கே கடலில் இடஞ்சுழியின் மையம் வந்து விழும். 200 தாளில் ஏறக்குறைய அதே இடத்தில் வலஞ்சுழி வரும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். கீழே ஒரு பக்கம், மேலே மறுபக்கம் சுற்றுவது எப்படி? மீண்டும் அதே விடைதான்: புயலின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிட வெப்பமானது, அடுக்குகள் தடித்து, கீழே இருந்த பள்ளம் மேலே மேடாகிவிடுகிறது. கீழே உள்ளே இழுக்கப்படும் காற்று மேலே வெளியே கொட்டுகிறது.

நகலெடுக்க நேரமில்லாதவர்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தைப் பயன்படுத்தலாம். வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் வரைபடங்கள் கிடைக்கின்றன. எர்த் நல்ஸ்கூல் என்ற தளத்தில் 850, 700, 500, 250 என்று உயரத்தை மாற்றி மாற்றிக் காற்று ஓடுவதையே பார்க்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: அங்கே தெரிவது கணினி கணக்கிட்ட காற்று, பலூன் அளந்தது அல்ல. திரையைப் பார்த்துவிட்டு ‘நாளை புயல்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போடும் ஆசை மாணவருக்கு வரத்தான் செய்யும். கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதைத் துறையின் எச்சரிக்கையைக் கொண்டே வீட்டில் முடிவெடுக்க வேண்டும். அந்த எச்சரிக்கையில் உள்ள எண்களின் பொருளை அப்பாவுக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்த பிள்ளையை உருவாக்குவதுதான் நம் வேலை.

கடைசியாக ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள்: மேற்சொன்ன பயிற்சியில் 500 தாளில் 15 நாட் என்பதற்குப் பதிலாக 5 நாட், அதுவும் ஊருக்கொரு திசையில் என்று இருந்தால் புயல் என்ன செய்யும்? நகராது என்று பலரும் சரியாகவே எழுதுவார்கள். ‘நகராவிட்டால் நமக்கு நல்லது’ என்றும் சிலர் சேர்த்து எழுதுவார்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைத் தொட்ட ஃபெஞ்சல், இழுத்துச் செல்லும் காற்று வலுவில்லாமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. அந்த எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு, விடையைத் திருத்தி எழுத ஐந்து நிமிடம் கொடுங்கள்.